கூல் என்ற சொல்லுக்கு எத்தனை குளிர்ச்சி?

என் அக்கா மகள் மதுரை இலந்தைகுளம் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சித்திரை மாதம், வெயில் இன்னும் தணியாத ஒரு சாயங்காலம், கையில் அரைக்கிலோ அல்வாவோடு வீட்டுக்குள் நுழைந்தாள். “மாமா, நாங்க அனுப்பின திட்டம் இங்கிலாந்துக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு” என்றாள். மேலாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலையும் காட்டினாள். அதில் இருந்த வரி இதுதான்: ‘த க்ளையன்ட் வாஸ் ராதர் கூல் டு அவர் ஐடியா.’

படித்ததும் எனக்கு அல்வா இறங்கவில்லை. அந்த வரி சொல்வது இதற்கு நேர் எதிர். ‘நம் யோசனையில் வாடிக்கையாளர் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை’ என்பதுதான் அதன் பொருள்.

அவள்மேல் தப்பே இல்லை. கல்லூரியில் நாலு வருடம் ‘கூல் டா’, ‘செம கூல்’ என்றே கேட்டு வளர்ந்தவள். கூல் என்றால் நல்லது என்றுதான் அவளுக்குத் தெரியும். அதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு முகம் இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. நான் பல வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்கள் அதிகம் தடுக்கி விழுவது பெரிய பெரிய சொற்களில் இல்லை. இப்படித் தினமும் வாயில் புழங்கும் சின்னச் சொற்களில்தான். அதனால் கூல் என்ற இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்குள் பொருள் எப்படி அடுக்கடுக்காக இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் தண்ணியைப் பார்ப்போம்

ஆங்கிலத்துக்குப் போகுமுன் நமக்குத் தெரிந்த ஒன்றில் தொடங்கலாம். தண்ணி.

‘மாடு தண்ணி குடிச்சது.’ இது நேர்ப்பொருள். சொல் எதைக் குறிக்கிறதோ அதுவேதான், வேறு ஒன்றும் இல்லை. 

‘அவன் போலீசுக்கே தண்ணி காட்டிட்டான்.’ இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. பிடிபடாமல் ஏய்த்துவிட்டான் என்று பொருள். ‘அந்தப் பையனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்றால் இனி இவன் திருந்துவான் என்ற எண்ணத்தையே வீட்டில் விட்டுவிட்டார்கள். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க’ என்றால் யாரும் விரும்பாத ஊருக்கு வேலை மாற்றம். இவை மரபுத்தொடர்கள். மரபுத்தொடரை அடையாளம் காண ஒரு நல்ல சோதனை உண்டு. அதில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், பொருள் உடைந்துவிடும். ‘போலீசுக்கு நீர் காட்டினான்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பொருள் தனித்தனிச் சொல்லில் இல்லை, மொத்தத் தொடரில் இருக்கிறது. 

அப்புறம் மூன்றாவது. ‘மாப்பிள்ளை தண்ணி போட்டிருக்கார்.’ இங்கே தண்ணி என்பது சாராயம். இது ஸ்லாங். ஒரு கூட்டத்துக்குள் பிறந்து, அவர்களுக்குள் புழங்கி, பிறகு வெளியே கசிந்து எல்லாருக்கும் தெரிந்துபோன பேச்சு. எல்லாருக்கும் தெரிந்தாலும் எல்லா இடத்திலும் பேச முடியாது. கல்யாணப் பத்திரிகையிலோ நீதிமன்ற மனுவிலோ ‘தண்ணி போட்டார்’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஸ்லாங் என்பதைச் சிலர் கொச்சைமொழி என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொச்சை என்பது சொல்லின் உருவம் சிதைவது. ‘இருக்கிறது’ என்பது ‘இருக்கு’ ஆவதைப் போல. ஸ்லாங்கில் உருவம் அப்படியே இருக்கும், பொருள்தான் இடம் மாறும். இதற்கு மிக நெருக்கமான சொல்லை நம் இலக்கணமே வைத்திருக்கிறது: குழூஉக்குறி. நன்னூல் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். கள் உள்ளே போனால் மனசில் இருப்பதெல்லாம் வாய்வழியே வந்துவிடும், அதனால் அது சொல்விளம்பி. இவ்வளவு அழகான ஸ்லாங் இன்றைக்கும் யாரும் உண்டாக்கவில்லை என்றே நினைக்கிறேன். 

இந்த மூன்று அடுக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் கூல் என்ற சொல்லுக்குள் பயமில்லாமல் இறங்கலாம்.

பானைத் தண்ணீரும் ஃப்ரிட்ஜ் தண்ணீரும்

நேர்ப்பொருளில் கூல் என்பது இதமான குளிர்ச்சி. ஆங்கிலத்தில் வெப்பத்துக்கு நாலு படி இருக்கிறது: ஹாட், வார்ம், கூல், கோல்ட். கொதிக்கிற வெந்நீர் ஹாட். குழந்தையைக் குளிப்பாட்டும் வெதுவெதுப்பான நீர் வார்ம். மானாமதுரை மண்பானையில் ஊற்றிவைத்த தண்ணீர் கூல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பல் கூசக் குடிப்பது கோல்ட். 

பானைத் தண்ணீர் ஏன் அந்த அளவோடு நிற்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மண்பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் சில டிகிரி குறையும், உறைகிற அளவுக்குப் போகாது. கூல் என்ற சொல்லின் சரியான இடம் இதுதான். தொண்டைக்கு இதம், உடம்புக்கு உறுத்தாது.

தமிழில் நாம் இந்த இரண்டையும் ‘குளிர்ந்த’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால்தான் பிள்ளைகள் கூல், கோல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். 

கூல் மிகப் பழைய சொல். ஆங்கிலம் ஆங்கிலமாகத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. கோல்ட், சில் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஜெல்லி என்பதுகூடத் தூரத்துச் சொந்தம். உறைவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது ஜெல்லி. அந்த லத்தீன் சொல்லும் கூலும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் நம் ஊர்க் கூழுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னிடம் படிக்கும் ஒரு சின்னப் பையன், கம்மங்கூழ் குடித்தால் உடம்பு குளிர்ச்சியாகிறதே, அதிலிருந்துதான் கூல் வந்ததா என்று கேட்டான். நல்ல கேள்வி. காதுக்கு ஒன்றுபோல் கேட்பதெல்லாம் உறவாகாது என்பதை அன்றைக்கு அவனுக்கு விளக்கிச் சொன்னேன்.

ஆறுவது சினம்

இனி மரபுத்தொடர்கள். இங்கேதான் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். 

ஆங்கிலத்தில் கோபம் சூடு. நிதானம் குளிர்ச்சி. ‘கீப் கூல்’ என்றால் பதறாதே. ‘கூல் ஹெட்’ என்றால் நிதானமான மூளை. ‘லூஸ் யுவர் கூல்’ என்றால் நிதானத்தை இழப்பது. ‘ப்ளே இட் கூல்’ என்றால் உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பது. ஷேக்ஸ்பியரும் பொறுமையைக் குளிர்ச்சி என்றுதான் எழுதுகிறார். ஹாம்லெட்டில் தாய் மகனைப் பார்த்து, கொதிக்கும் உன் மனத்தின்மேல் குளிர்ந்த பொறுமையைத் தெளித்துக்கொள் என்ற கருத்தில் பேசுகிறாள்.

இது நமக்குப் புரியாத ஒன்றா என்ன? ஒன்றாம் வகுப்பில் ‘அறம் செய விரும்பு’க்கு அடுத்து நாம் படித்த வரியே ‘ஆறுவது சினம்’. காபி ஆறுகிறது, சோறு ஆறுகிறது, அதேபோல் சினமும் ஆறுகிறது. நாலே நாலு எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஔவை சொல்லிக்கொடுத்தது ‘கூல் டவுன்’ என்பதைத்தான். ‘மனசு ஆறல’ என்று நாம் சொல்வதும், துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதும் அதே வேரில் கிளைத்தவை. அதனால் கோபத்தைப் பொறுத்தவரை இரண்டு மொழியும் ஒரே பக்கம் நிற்கின்றன. கூல் டவுன் என்பதை எந்த மதுரைப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

‘கூல் அஸ் எ குக்கும்பர்’ என்று ஒரு தொடர் உண்டு. வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ச்சியாக, அதாவது எந்த நெருக்கடியிலும் அலட்டிக்கொள்ளாமல். 1732-லேயே ஜான் கே என்ற ஆங்கிலக் கவிஞரின் பாட்டில் இந்த ஒப்புமை வந்துவிட்டது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். மாட்டுத்தாவணியில் பேருந்து புறப்படுகிற நேரத்தில் சன்னல் ஓரம் நீட்டுவார்களே, நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரிப்பிஞ்சு, அதை மே மாதத்தில் கடித்தவருக்கு இந்தத் தொடரை விளக்கவே வேண்டாம்.

சில தொடர்களுக்குத் தமிழில் அச்சாக ஒரு ஜோடி கிடைக்கும்போது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ‘எ கூல் மில்லியன்’ என்றால் குளிர்ந்த பத்து லட்சம் இல்லை. ‘சுளையாப் பத்து லட்சம்’ என்று நாம் சொல்கிறோமே, அதேதான். பலாச்சுளையை எடுத்துக் கையில் வைத்ததுபோல் முழுசாக. ‘கூல் யுவர் ஹீல்ஸ்’ என்றால் நெடுநேரம் காத்துக் கிடப்பது. ஆங்கிலத்தில் குதிகால் குளிர்கிறது, தமிழில் கால் கடுக்கிறது, ‘கால் கடுக்க நின்னேன்’. அப்புறம் ‘கூல் கஸ்டமர்’ என்று யாரையாவது குறிப்பிட்டால் அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. எதற்கும் அசையாத ஆள் என்று பொருள். கொஞ்சம் நெஞ்சழுத்தம் என்ற சாயலும் அதில் உண்டு, அதனால் முகத்துக்கு நேரே சொல்லவேண்டாம்.

அல்வாவைக் கெடுத்த அந்த ஒரு வரி

இப்போது அக்கா மகளின் மின்னஞ்சலுக்கு வருகிறேன். 

ஆங்கிலத்தில் அன்பு சூடு. ‘வார்ம் வெல்கம்’ என்றால் மனமார்ந்த வரவேற்பு. ‘வார்ம் பெர்சன்’ என்றால் அன்பான மனிதர். அப்படியானால் அந்தச் சூடு குறைவது அன்பு குறைவது. ‘கூல் ரிசெப்ஷன்’ என்றால் ஏனோதானோ என்ற வரவேற்பு. இதுவும் நேற்றைக்கு வந்த வழக்கு இல்லை. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஏட்டுப்படி ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. அதிலேயே, பகை மூண்டபின் கணவனுக்கு மனைவிமேல் உள்ள காதல் ‘இன்னும் குளிர்ந்துபோகும்’ என்று ஒரு இடம் வருகிறது. 

குளிர்ந்தால் காதல் குறைந்தது என்று ஏன் ஆனது? அந்த ஊர் வானிலையை நினைத்துப் பாருங்கள். லண்டனில் சனவரி பகலில் சுமார் 8 டிகிரி செல்சியஸ். உச்சக் கோடையான சூலையிலேயே பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரிதான். அங்கே அடுப்பங்கரைக் கணப்பின் பக்கத்தில் உட்காரவைப்பது விருந்தோம்பல். வெளியே குளிரில் நிறுத்துவது புறக்கணிப்பு. சூடு கொடுப்பவன் வேண்டியவன்.

இங்கே? அக்னி நட்சத்திரத்தில் மதுரை 40 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் நீட்டுவது ஒரு செம்புத் தண்ணீர், இல்லாவிட்டால் மோர். வேப்பமர நிழலில் கட்டில் போட்டு ‘உக்காருங்க’ என்போம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் நிரப்பி அவர்மேலேயே பீய்ச்சுகிறார்கள். மலையிலிருந்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்த சாமியைக் குளிரவைப்பது பக்தி. வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், பானகம், விசிறி. இந்த மண்ணில் குளிர்ச்சி கொடுப்பவன்தான் வேண்டியவன்.

அதனால் நம் மொழியில் அன்பு முழுக்க முழுக்கக் குளிர்ச்சியில் நனைந்து கிடக்கிறது. மனம் குளிர்ந்தது. கண் குளிரப் பார்த்தேன். காது குளிரக் கேட்டேன். வயிறு குளிர வாழ்த்தினாள். இரக்கமுள்ளவன் நெஞ்சில் ஈரம் உள்ளவன். எல்லா உயிரிடமும் காட்டும் கருணைக்கு வள்ளுவர் 30-ஆவது குறளில் வைத்த பெயர் ‘செந்தண்மை’, செம்மையான குளிர்ச்சி. அங்கே வரும் அந்தணர் என்ற சொல்லையே ‘அழகிய தட்பத்தை உடையவர்’ என்றுதான் பரிமேலழகர் பிரித்துச் சொல்கிறார். ஏன், தண்ணீர் என்ற சொல்லே தண் கூட்டல் நீர், குளிர்ந்த நீர். ‘சுடுதண்ணி’ என்று கேட்கும்போது நாம் சூடான குளிர்ந்த நீரைக் கேட்கிறோம். நேர்ப்பொருள் இப்படித் தேய்ந்து மறைந்துபோவதும் சொற்களின் வாழ்க்கையில் ஒரு பகுதிதான்.

சூடு என்றாலே தமிழில் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வெம்மை என்ற சொல்லுக்கு விருப்பம் என்றே தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. வியாபாரம் சூடு பிடித்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். குளிரும் எல்லா இடத்திலும் அன்பாகிவிடாது. ‘அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு’ என்றால் பயம் போய்விட்டது என்று பொருள், அங்கே குளிர் என்பது நடுக்கம். ‘ஐஸ் வைக்காதே’ என்றால் முகத்துதி செய்யாதே. ஆனால் உள்ளம் நிறைந்த அன்பைச் சொல்ல வரும்போது தமிழ் நாக்கு தானாகவே குளிர்ச்சியைத் தேடிப் போகிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: ஜிகர்தண்டா. விளக்குத்தூண் பக்கம் நின்று குடிக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும்? ஜிகர் என்றால் பாரசீகத்தில் ஈரல். தண்டா என்றால் இந்துஸ்தானியில் குளிர்ச்சி. நேர்ப்பொருளில் ‘ஈரல் குளிர்ச்சி’. ஆனால் உருதுவில் ஜிகர் என்பது நெஞ்சு, துணிவு, உயிருக்குயிரான நேசம் எல்லாமும்தான். உயிர்நண்பனை ஜிகரி தோஸ்த் என்பார்கள். நாமும் பயந்தால் ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்கிறோம் இல்லையா, உணர்ச்சி குடியிருக்கும் இடம் ஈரல் என்ற நினைப்பு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. ஆக, பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் போட்ட அந்தக் குவளையின் பெயரே ஒரு மரபுத்தொடர். அதைத் தமிழில் சொன்னால் ‘மனம் குளிர’. 

இப்போது ஒரு சோதனை. ‘உங்க கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது’ என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘மை ஹார்ட் பிகேம் கோல்ட்’ என்று வரும். அதைப் படிக்கும் ஆங்கிலேயர், இந்த ஆளுக்கு நம்மேல் இருந்த பாசமெல்லாம் செத்துப்போனது என்று நினைப்பார். சரியான ஆங்கிலம் ‘இட் வார்ம்ட் மை ஹார்ட்’. நெஞ்சு குளிர்ந்தது என்பதன் மொழிபெயர்ப்பு, நெஞ்சு சூடானது! வெப்பம் நேர் எதிராகத் திரும்பிவிட்டது, அன்பு மட்டும் அப்படியே போய்ச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த ஒரு எடுத்துக்காட்டைத்தான் சொல்வேன்.

கறுப்பின மக்கள் கொடுத்த கூல்

அப்படியானால் ‘செம கூல்’ எங்கிருந்து வந்தது? குளிர்ந்தால் ஒதுக்கம் என்று ஆயிரம் வருடமாகச் சொன்ன மொழியில், கூல் எப்படிப் பாராட்டு ஆனது?

அது இங்கிலாந்தில் பிறந்ததில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் வளர்ந்தது. ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின எழுத்தாளர் 1933-ல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், ஒரு விஷயத்தை மெச்சிப் பேசும்போது பாத்திரத்தின் வாயில் இந்தக் கூல் வருகிறது. பிறகு ஜாஸ் இசைக்காரர்கள் கைக்குப் போனது. இந்தப் பொருளில் கூல் பரவியதற்கு லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் கலைஞரைப் பலரும் காரணமாகச் சொல்வார்கள். முழங்கித் தள்ளாமல், அவசரப்படாமல், மெல்ல இழைந்து வாசிப்பவர் அவர். மைல்ஸ் டேவிஸ் 1949, 1950 ஆண்டுகளில் பதிவுசெய்த இசை 1957-ல் இசைத்தட்டாக வந்தபோது அதன் பெயரிலேயே கூல் இருந்தது. இசைக்கூடத்துக் குழூஉக்குறி அதற்குள் ஊர்ப்பேச்சாகிவிட்டது. 

அந்தக் காலத்தை நினைத்தால் இந்தச் சொல்மேல் மரியாதை வருகிறது. நிறத்தைக் காட்டி நாள்தோறும் அவமதிக்கப்பட்டவர்கள் அவர்கள். கோபத்தை வெளியே காட்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் முகம் சுளிக்காமல், தலை குனியாமல், தன் பாணியை விட்டுக்கொடுக்காமல் நிற்பது லேசான காரியமா? கூல் என்பது அந்த நிமிர்வுக்கும் பெயர். இன்றைக்கு ஒரு செருப்பைப் பார்த்தும் கூல் என்கிறோம், சரிதான், ஆனால் சொல் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறது.

இன்னும் ஒரு செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளர், மேற்கு ஆப்பிரிக்கக் கலைகளையும் மொழிகளையும் ஆராய்ந்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். யொருபா மக்களிடம் குளிர்ச்சி என்பதற்கு ‘இட்டுட்டு’ என்று ஒரு சொல் இருக்கிறது. நிதானம், பெருந்தன்மை, அமைதி, அருள் எல்லாம் அதில் அடக்கம். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களோடு இந்த எண்ணமும் போய், அமெரிக்கக் கூலுக்குள் வாழ்கிறது என்பது அவருடைய வாதம். 

அதை ஏற்றுக்கொண்டால் ஒன்று தெளிவாகிறது. மேற்கு ஆப்பிரிக்காவும் நம்மைப்போல் வெயில் நாடு. குளிர்ச்சியை அருளாக நினைப்பவர்களின் நாடு. குளிர்நாட்டுக்காரர்களின் கூல் ஒதுக்கமாக இருந்தது, வெயில்நாட்டுக்காரர்களின் வழி வந்த கூல் பாராட்டாக ஆனது. என் அக்கா மகள் கூல் என்றதும் நல்லது என்று எடுத்துக்கொண்டதில் வியப்பே இல்லை. அவள் காதுக்கு அந்த இரண்டாவது கூல்தான் சொந்தக்காரக் கூல்.

ஸ்லாங் பெரும்பாலும் சீக்கிரம் வாடிவிடும். தாத்தா காலத்து ‘ஜோர்’ இன்றைக்கு ‘கெத்து’, ‘மாஸ்’ என்று ஆகிவிட்டது. கூல் மட்டும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது.

எந்தக் கூல் என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். கூலுக்குப் பின்னால் ‘டு’ அல்லது ‘டுவர்ட்’ வந்தால் ஆர்வமில்லை, ஒதுங்குகிறார்கள். ‘வித்’ வந்தால் சம்மதம், ஆட்சேபணை இல்லை. ‘த க்ளையன்ட் இஸ் கூல் வித் இட்’ என்று அன்றைக்கு வந்திருந்தால் அல்வா வாங்கியது சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘கூல் ஐடியா’ என்று வந்தால் பெரும்பாலும் பாராட்டு, முன்னே பார்த்த ‘கூல் ரிசெப்ஷன்’ மாதிரிச் சில தொடர்கள்தான் விலக்கு. ஒரே ஐடியா, ஒரே கூல், ஒரு ‘டு’ செய்த வேலையைப் பாருங்கள்.

யாராவது காபி வேண்டுமா என்று கேட்டு, எதிரில் இருப்பவர் ‘ஐம் கூல்’ என்றால் வேண்டாம் என்று சொல்கிறார். ‘எனக்கு எதுவும் தேவைப்படல, நல்லாத்தான் இருக்கேன்’ என்ற பொருள். நீங்கள் மன்னிப்புக் கேட்டு அவர் ‘இட்ஸ் கூல்’ என்றால் பரவாயில்லை என்று பொருள். ‘கூல் இட்’ என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள், அது ‘சும்மா அடங்கு’ என்பதற்குச் சமம்.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். நண்பனுக்குக் குறுஞ்செய்தியில் கூல் என்று பதில் போடலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்திலோ, தேர்வுக் கட்டுரையிலோ, முன்பின் தெரியாத மேலதிகாரிக்கோ வேண்டாம். தண்ணி போட்டார் என்று மனுவில் எழுத மாட்டோமே, அதே அளவுகோல்தான்.

கூல்டிரிங்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. காளிமார்க் பாட்டிலைக் காட்டி நாம் கூல்டிரிங்ஸ் என்போம். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல் புரியும், லண்டனில் ‘சாஃப்ட் டிரிங்க்’ என்று கேளுங்கள். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸை அங்கே ‘சன்கிளாசஸ்’ என்பார்கள். நம்முடையது தவறான ஆங்கிலம் என்று யாராவது சிரித்தால் பொருட்படுத்த வேண்டாம். வெயில் ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்ட சொற்கள் அவை, இந்த ஊரில் அவற்றுக்கு முழு உரிமை உண்டு.

அன்றைக்கு அக்கா மகள் அல்வாவைத் தட்டில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். வாடிக்கையாளருக்கு எந்த இடம் பிடிக்கவில்லை என்று மேலாளரிடம் கேட்டு எழுதினாள். திட்டத்தைத் திருத்த அவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது. பிறகு மான்செஸ்டரில் இருந்து வேலை பார்க்கும் ஒரு பெண் அவளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். எங்கள் அம்மா பேத்தியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். “யாரு தாயி இந்தப் புள்ள? மகராசியா இருக்காளே. பாத்ததும் எனக்குக் கண்ணு குளுந்துபோச்சு” என்றார். 

பாட்டி என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்து, “ஷீ சேஸ் சீயிங் யூ ஹாஸ் வார்ம்ட் ஹர் ஹார்ட்” என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னடி சொன்ன அவகிட்ட?” என்று அம்மா கேட்டார்.

“நீங்க சொன்னதைத்தான் அம்மாச்சி.”